வலங்கால்

ஐஸ் ஃபாக்டரியின் மேற்குச் சுவர், நாற்பத்திரண்டு அடி.
கம்பிப் பிரஷால் இரண்டு நாள் சுரண்டினேன்.
உப்பு பூவாய்ப் பூத்து என் தலையில் உதிர்ந்தது.
அடியில் ஒரு கட்சிச் சின்னம்,
அதற்கும் அடியில் ஒரு சிமென்ட் விளம்பரம்,
அதற்கும் அடியில்
எவனோ கரிக்கட்டையால் கிழித்த மூன்று ஸ்டம்ப்.
கிரிக்கெட்! அதுவும் வள்ளவிளையில்!
அதைத்தான் முதலில் அழித்தேன்.

பெயிண்ட் எல்லாம் படகுக்கு அடித்து மிஞ்சியது.
நீலம் சகாய மாதா படகினுடையது,
சிவப்பு, பதினெட்டு லட்சம் கடனில் நிற்கிற
கிளீட்டஸ் அண்ணனின் படகினுடையது.
மஞ்சள் மட்டும் காசு கொடுத்து வாங்கினேன்.
கடல்பருந்து செவன்ஸின் மஞ்சள்
எந்தப் படகிலும் இல்லை.

எனக்கு மார்த்தாண்டத்தில் ஃப்ளெக்ஸ் கடையில் வேலை.
கண்ணீர் அஞ்சலி, புதுநன்மை, கல்யாணம் என்று
நாளுக்கு முப்பது முகம் என் மவுஸுக்கு அடியில் வெளுக்கும்.
இந்தச் சுவரில் ஒருத்தனையும் வெளுக்கவில்லை.
கறுப்பில் கொஞ்சம் நீலம் கலக்க வேண்டும்,
அப்போதுதான்
ஆழ்கடலில் மாதக்கணக்காய் வெந்த தோள் வரும்.

டைட்டஸுக்குக் கிழிந்த கையுறை.
ஜெபினும் ஜெனிலும் இரட்டை;
ஒருவனை இரண்டு தரம் வரைந்து
இரண்டாமவன் புருவத்தில் தையல் போட்டேன்.
நடுவில் பெரிதாக ரெக்ஸ்லின்,
ஏழாம் நம்பர், கடைசிப் பெனால்டி,
கால் உயர்ந்து, உடம்பு பின்னால் சாய்ந்து.

ஐஸ் பார் இழுத்துக்கொண்டு போன மிக்கேல்பிள்ளை நின்று கேட்டார்:
"தோத்த டீமை எதுக்குட்டி வரையுதே?"
ஜெயித்தவனுக்குத்தான் கப்பு இருக்கிறதே
என்று சொல்லத் தோன்றியது
ராத்திரி மீன்குழம்புக்கு முன்னால் உட்கார்ந்தபோது.
அந்நேரம் வாயில் வந்தது,
"பெயிண்ட் காயல்ல, தள்ளி நில்லும்."

பந்தை நான் வரையவில்லை.
கோல் கம்பத்துக்கு மேலே இரண்டடி தள்ளி
சுவரில் ஏற்கெனவே ஓர் ஓட்டை இருந்தது,
குழாய் நீட்டிக்கொண்டு
எந்நேரமும் சொட்டிக்கொண்டு.
அன்றைக்குப் பந்து போனதும் ஏறக்குறைய அங்கேதான்.

ரெக்ஸ்லின் அதை இன்னும் பார்க்கவில்லை.
தோற்ற மறுநாள் விடியும் முன் படகேறிவிட்டான்.
லட்சத்தீவுப் பக்கம் என்றார்கள்,
பிறகு குஜராத் பக்கம் என்றார்கள்.
முப்பத்தெட்டாம் நாள் வந்தான்,
தாடியோடு, சூரை வாடையோடு,
ஷார்ட்ஸ் பைக்குள் கையை விட்டுக்கொண்டு
சுவருக்கு முன்னால் நின்றான்.

வெகுநேரம்.
நான் டின் மூடியைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன்.

"நான் இடங்காலுல்லா" என்றான்.

எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.
ஷானியா தன் முகத்தை எடுக்கப் போய்
தோளுக்குப் பின்னால் விழுந்த வீடியோ அது.
முன் கேமராவில் எல்லாம் இடவலம் மாறியிருக்கும்.
ஏழைத் திருப்பிப் போட்டேன்,
கிளப் பெயரைத் திருப்பினேன்,
காலைத் திருப்ப மறந்துபோனேன்.
மூன்று வருஷமாய்
மேட்சுக்கு மேட்ச் கத்திய தொண்டை என்னுடையது,
அவனுக்கு எந்தக் கால் என்று என் கைக்குத் தெரியவில்லை.

"ராத்திரியோட மாத்திருவேன்,
வெள்ளை அடிச்சிட்டு..."
அவன் கேட்கவில்லை.
வரைந்த காலின் பக்கத்தில் தன் காலைத் தூக்கி வைத்துப் பார்த்தான்,
இடதை, பிறகு வலதை.
செருப்பில் ஒரு செதில் மினுங்கியது.

"கிடக்கட்டும் ப்ரினோலா.
வலங்காலு வெச்சு அடிச்சிருந்தா
ஒருவேளை உள்ள போயிருக்கும்."

சிரித்தானா என்று தெரியவில்லை, தாடி.

இப்போது சாயங்காலமானால்
சின்னதுகள் அந்தக் கோலுக்குத்தான் அடிக்கின்றன.
ரெக்ஸ்லினின் நெஞ்சு முழுக்க வட்ட வட்டமாய் மணல்.
நேற்று ஒருத்தி, பல் விழுந்தவள்,
அடித்த பந்து நேராகக் குழாயில் மோதி
நனைந்து கீழே வந்தது.
போகிற போக்கில் டைட்டஸின் மூக்கையும் பெயர்த்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரவேண்டும்.
மூக்குக்குக் கறுப்பு இருக்கிறது.
நீலம், கிளீட்டஸ் அண்ணனிடம் கேட்டுப் பார்க்கணும்.